கூரைக்குள் வராத நற்செய்தி: திருச்சியில் விவிலியமும் சாதியும்

கத்தோலிக்கக் கோயில்களில் ஒவ்வொரு திருப்பலியிலும், நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன்னால், மக்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மன்றாட்டைச் சொல்கிறார்கள். ஆண்டவர் தங்கள் இல்லத்துக்குள் வரத் தங்களுக்குத் தகுதியில்லை, அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அதன் பொருள். சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகியதால் அது எங்கிருந்து வந்தது என்று பலர் யோசிப்பதில்லை. மத்தேயு நற்செய்தி 8-ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது அது. கப்பர்நாகூமில் ஒரு நூற்றுவர் தலைவர். ரோமப் படைக்காரர், யூதர் அல்லர். அவருடைய வேலையாள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். யூதர் ஒருவர் பிற இனத்தார் வீட்டுக்குள் கால் வைத்தால் தீட்டு என்பது அன்றைய வழக்கம். அது அந்தப் படைத்தலைவருக்கும் தெரியும். அதனால்தான் வீட்டுக்குள் வர வேண்டாம் என்கிறார்.

இந்தப் பகுதிக்கு மறையுரை வைப்பவர்கள் பெரும்பாலும் நூற்றுவர் தலைவரின் தாழ்ச்சியைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கு முந்தின வரியை யாரும் அதிகம் தொடுவதில்லை. அவர் தயங்குவதற்கு முன்பே, தானே வந்து குணமாக்குவதாக இயேசு சொல்லிவிடுகிறார். யார் வீடு, என்ன இனம், தீட்டா இல்லையா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கிளம்பத் தயாராகிவிட்டார்.

இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு திருச்சியின் கிறித்தவ வரலாற்றை ஒருமுறை நடந்து பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. விவிலியத் தியானம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தனியாகச் செய்வது, சாதிப் பிரச்சினை என்றால் கண்ணைத் திறந்துகொண்டு தெருவில் செய்வது என்று இரண்டையும் பிரித்துப் பழகிவிட்டோம். களத்தில் நிற்கும் தோழர்கள் பலர் தியானத்தை ஏளனமாகப் பார்க்கிறார்கள். பக்தியுள்ளவர்கள் பலர் சாதியைக் கோயிலுக்குள் கொண்டுவராதே என்கிறார்கள். சாதி கோயிலுக்குள் வந்து நானூறு ஆண்டுகள் ஆகின்றன. நற்செய்தியின் ஒவ்வொரு பகுதிக்கும் இந்த மண்ணில் இரண்டு வாசிப்புகள் இருந்திருக்கின்றன. ஒன்று, பீடத்திலிருந்து வாயால் வாசித்தது. இன்னொன்று, யார் எங்கே உட்கார்ந்தார், எதில் குடித்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்பதில் நடந்தது. நாம் பார்க்கப்போவது இரண்டாவதை.

கூரை

ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, பிராமணச் சமையல்காரரை வைத்து, மரக்கறி மட்டும் உண்டு, உயர்சாதியாரை நெருங்கினார். 1623-இல் போப்பாண்டவர் 15-ஆம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைக் கிறித்தவர்கள் வைத்துக்கொள்ள அனுமதித்தார். அதே பத்தாண்டில் மதுரை மிஷன் திருச்சிப் பக்கம் பரவியது. பிராமண சன்னியாசியாக வாழும் குரு தலித்துகளோடு வெளிப்படையாகப் பழக முடியாது. ஆகவே 1640-இல் பல்தசார் த கோஸ்தா தொடங்கிப் 'பண்டாரசுவாமிகள்' என்று இன்னொரு வகைக் குருக்கள் வந்தார்கள். மற்றச் சாதியாருக்கும் தலித்துகளுக்கும் அவர்கள் பணி செய்தார்கள். சாதி அடுக்குக்கு ஏற்றபடி குருத்துவமே அடுக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று ரோமாபுரியின் ஆவணங்களே சொல்கின்றன. கர்தினால் தெ துர்னோன் 1704-இல் பாண்டிச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். மலபார் சடங்குச் சர்ச்சை என்று வரலாற்று நூல்களில் படிப்பீர்களே, அதன் மையத்தில் இருந்த ஆணை. நோயில் கிடக்கும் பறையர் கிறித்தவர்களின் வீடுகளுக்குள் போய்க் குருக்கள் அருட்சாதனங்களைக் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு கட்டளை. அப்படி ஒரு கட்டளை எப்போது தேவைப்படும்? போகாமல் இருந்தபோதுதான். சாகக் கிடந்தவரைக் குடிசைக்கு வெளியே தூக்கி வந்து போட்டார்கள். குரு வெளியிலேயே நின்று நோயில்பூசுதல் கொடுத்தார்.

நாற்பது ஆண்டுகள் இழுபறி நடந்தது. 1744-இல் போப்பாண்டவர் 14-ஆம் பெனடிக்ட் அந்தக் கட்டளையை உறுதி செய்தார். அப்போது சேசு சபையார் முன்வைத்த வழி என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனிக் குருக்களை நியமித்துக்கொள்வது. ரோமாபுரியும் அதை ஏற்றது. கூரைக்குள் போவதற்கு ஆள் கிடைத்தது. ஆனால் அந்தக் கூரைக்குள் போனவர் மற்றக் கூரைகளுக்குள் போக முடியாதவர் ஆனார்.

தோளும் ஓடும்

கூரை, வாசல், தீட்டு என்றெல்லாம் பேசும்போது காவிரிக்கு அக்கரையில் இருக்கும் ஸ்ரீரங்கத்தை விட்டுவிட முடியாது. திருச்சிக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். உறையூரைச் சேர்ந்த திருப்பாணாழ்வார் பாணர் குலத்தவர் என்பதால் அரங்கத் தீவில் கால் வைக்கவில்லை. ஆற்றங்கரையில் நின்றே பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொல்லிக் கல்லெறிந்தார். பட்ட காயத்தின் இரத்தம் பெருமாளின் நெற்றியில் தெரிந்தது. பிறகு முனிவர் அந்தப் பாணரைத் தன் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனார். பாணர் பத்துப் பாசுரம் பாடிவிட்டு இறைவனோடு கலந்தார்.

கதையின் முடிவைக் கவனியுங்கள். தோளில் ஏறி உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய தெருவும் சொந்தமும் கரையிலேயே நின்றன. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்கு முதல் சட்டப் பாதுகாப்பு 1939-இல்தான் வந்தது. முழு உரிமை தரும் சட்டம் 1947-இல். ஒருவரைத் தோளில் சுமந்ததால் வாசல் திறந்துவிடவில்லை. விதிவிலக்கு பாட்டாகப் பாடப்பட்டது, விதி அப்படியே இருந்தது.

இதோடு மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தை வைத்துப் பாருங்கள். முடக்குவாதக்காரர் ஒருவரை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். வாசலில் கூட்டம். யாரும் வழி விடவில்லை. நான்கு பேரும் கூரைமேல் ஏறி, ஓட்டைப் பிரித்து, படுக்கையோடு அவரை உள்ளே இறக்குகிறார்கள். இது யாருடைய வீடு, கூரையைச் சேதப்படுத்தியது ஏன் என்று இயேசு கேட்கவில்லை. அவர்களுடைய நம்பிக்கையைப் பார்த்தார் என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவரின் நம்பிக்கையை மட்டுமல்ல, கூரையைப் பிரித்தவர்களின் நம்பிக்கையையும் சேர்த்து. முடங்கியிருந்தவர் தன் படுக்கையைத் தானே தூக்கிக்கொண்டு எல்லோர் முன்னாலும் வாசல் வழியாக நடந்து போகிறார், தன் வீட்டுக்கே திரும்புகிறார். ஆழ்வார் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்தத் திரும்புதலில் இருக்கிறது.

இந்துக் கோயிலைச் சுட்டிவிட்டுக் கிறித்தவக் கோயிலைத் தப்பவிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. திருச்சபையும் தோளில் சுமக்கும் வேலையைத்தான் நிறையச் செய்திருக்கிறது. ஒரு தலித் குரு, ஒரு தலித் ஆயர், ஒரு தலித் கல்லூரி முதல்வர் என்று காட்டுவார்கள். ஓட்டைப் பிரித்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கிண்ணம்

புரொட்டஸ்டன்ட் பக்கம் வருவோம். சுவார்ட்ஸ் ஐயர் 1762-இல் திருச்சிக்கு வந்து, 1766-இல் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டினார். தஞ்சை, திருச்சிச் சபைகளில் வேளாளரும் பறையரும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள், ஆனால் தனித்தனிப் பக்கங்களில் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் வேளாளர் முதலில், பறையர் பிறகு. தமிழ்நாட்டின் சில சபைகளில் கிண்ணமே இரண்டு இருந்தது. டீக்கடையின் இரட்டைக் குவளையை எதிர்த்து நாம் போராடுகிறோம். அதன் மூத்த உருவம் ஒன்று பீடத்தின் மேல் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர் 1826-இல் தெற்கே வந்தபோது இந்தச் சாதிச் சண்டை அவர் காதுக்குப் போனது. திருச்சியிலிருந்த ஷ்ரைபோகல் ஐயருக்குக் கடிதம் எழுதி விவரம் கேட்டார். ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை, புனித யோவான் ஆலயத்தில் ஆங்கிலேயருக்கு ஆராதனை. மறுநாள் காலை கோட்டை ஆலயத்தில் தமிழருக்குத் திடப்படுத்தல். வெள்ளையருக்கு ஒரு கோயில், தமிழருக்கு ஒரு கோயில் என்ற பிரிவினையையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே குளியல் தொட்டியில் மூழ்கி இறந்துபோனார். வயது 42. சாதி பற்றிய விசாரணை முடிவில்லாமல் நின்றது. இன்று புத்தூரில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் எத்தனை பேருக்கு அவருடைய கடைசிக் கடிதங்களில் ஒன்று சாதி பற்றியது என்று தெரியும்?

அவருக்குப் பின் வந்த பிஷப் டேனியல் வில்சன் 1833 ஜூலை 5 அன்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். திருச்சபைக்குள் சாதியை உடனே, முழுவதுமாக, திரும்ப வராதபடி விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். பல சபைகளில் கொந்தளிப்பு எழுந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். புகழ்பெற்ற கிறித்தவப் புலவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்துக்கு ஆதரவாக நின்றார். 1835 தொடக்கத்தில் வில்சனே தஞ்சைக்கும் திருச்சிக்கும் வந்தார். திருச்சியில் அவர் நடத்திய திருவிருந்தில் சாதி வரிசை கலைக்கப்பட்டது. வேளாளர், பறையர், ஐரோப்பியர், கலப்பினத்தவர் என்று மாறி மாறி வந்து வாங்கினார்கள். ஒரே கிண்ணம் கைமாறியது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1840 முதல் லைப்சிக் லுத்தரன் மிஷன் தமிழ்நாட்டில் வேலை தொடங்கியது. சாதியைச் சமூக வழக்கம் என்று பொறுத்துக்கொண்ட மிஷன் அது. வில்சனின் ஆணையை ஏற்காதவர்களில் பலர் அந்தப் பக்கம் போனார்கள். ஒரு சபை கதவை மூடினால் இன்னொரு சபை திறந்துவைக்கும் என்று சாதிக்குத் தெரிந்திருந்தது. மேலிருந்து வரும் ஆணை தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது.

கிண்ணத்தைப் பற்றிய நற்செய்திப் பகுதி யோவான் 4. சமாரியப் பெண்ணின் கதையில் பெரும்பாலும் அவளுடைய ஐந்து கணவர்களைப் பற்றித்தான் பிரசங்கம் செய்வார்கள். கதை பாத்திரத்தில் தொடங்குகிறது. யூதர்கள் சமாரியர்களோடு புழங்குவதில்லை. இயேசுவிடம் தண்ணீர் மொள்ள எதுவும் இல்லை என்று அவளே சுட்டிக்காட்டுகிறாள். அப்படியானால் அவர் குடிக்க வேண்டியது அவள் பாத்திரத்தில்தான். அவர் கொடுப்பவராக அல்ல, கேட்பவராக அங்கே உட்கார்ந்திருக்கிறார். கதையின் கடைசியில் ஊரார் கேட்டுக்கொள்ள, இரண்டு நாள் அந்த ஊரிலேயே தங்குகிறார். இரண்டு நாள் என்றால் அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவர்கள் பாயில் படுத்து எழுந்திருக்கிறார் என்று அர்த்தம்.

மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்று நமக்குத் தெரிந்தவர், இந்தப் புள்ளியைத்தான் பிடித்தார். திருவிருந்தை ஒரே உலையில் பொங்கி எல்லோரும் பகிர்ந்து உண்பதாக அவர் விளக்கினார். நாட்டுப்புற இசையில் வழிபாட்டை எழுதினார். சேரிச் சமையலின் வாசனை தெரிந்த ஒருவர் வாசித்தால்தான் அந்தக் கிணற்றடியில் பாத்திரம் கண்ணுக்குத் தெரியும்.

சுவர்

பாண்டிச்சேரிச் சம்பாக் கோயிலில் பறையர்களைப் பிரிக்க உள்ளே ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் அங்கே நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பறையர் கிறித்தவர்கள் ஒன்றாகத் திரண்டு பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, கடவுளுக்கு எல்லோரும் ஒன்று என்றால் எங்களை மட்டும் ஏன் ஒதுக்கி வைக்கிறீர்கள் என்று முறையிட்டார்கள். சாமியார் சுவரை இடிக்கச் சொன்னார். உடனே சாதிக் கிறித்தவர்கள் சண்டைக்குக் கிளம்பினார்கள். விவகாரம் ஊர் முழுக்கப் பெரிதானது.

நான் இந்த நிகழ்ச்சியை மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் ஒன்றை வலியுறுத்துவேன். ஆண்டு 1745. அம்பேத்கர் பிறப்பதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகள் முன்பு. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்காது. ஆனால் கோயிலில் கேட்ட போதனையை வைத்தே கோயிலைக் கேள்வி கேட்டார்கள். அதுதான் தியானம். தலித் இறையியல் என்ற பெயர் 1980-களில் வந்தது. 1981-இல் பெங்களூரில் ஏ.பி. நிர்மல் ஆற்றிய உரையை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். பெயர் வருவதற்கு முன்பே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

திருச்சி மறைமாவட்டம் அந்தக் காலத்தில் தெற்கே திருநெல்வேலி வரை நீண்டிருந்தது. அதன் கீழிருந்த வடக்கன்குளத்தில் 1872-இல் இரண்டு சிறகாக ஒரு கோயில் கட்டினார்கள். கால்சட்டை போன்ற வடிவம். ஒரு காலில் வேளாளர், இன்னொன்றில் நாடார், சேருமிடத்தில் பீடம். ஒரே பூசை, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. சாதிக்காக ஒரு கட்டடக் கலையே உருவானது. 1910-இல் குருக்கள் பிரிவினைச் சுவரை நீக்கினார்கள். வேளாளர்கள் திருச்சி ஆயர் மேல் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இது வேளாளருக்கும் நாடாருக்கும் நடந்த வழக்கு. தலித்துகளின் வழக்கு அல்ல. சுவர் ஒன்று விழும்போது அடுத்த சுவர் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் இது நமக்குக் கற்றுத்தருகிறது.

இயேசு உயிர்விட்ட நொடியில் எருசலேம் ஆலயத்தின் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது என்று மாற்கு எழுதுகிறார். குருத்து ஞாயிற்றுப் பாடுகளின் வாசகத்தில் வரும் வரி. அந்தத் திரை யார் எதுவரை வரலாம் என்று எல்லை போட்ட திரை. அந்த வரியை வாசித்தவருக்கும் கேட்டவருக்கும் நடுவில் செங்கல் சுவர் நின்ற கோயில்கள் நம்முடையவை.

கல்லறை

மறைமாவட்டத்தின் பேராலயம் இருக்கும் பகுதி திருச்சி மேலப்புதூர். அதே மேலப்புதூரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர். ஒரு பக்கம் சாதிக் கிறித்தவர்களின் கல்லறைகள், மறுபக்கம் தலித் கிறித்தவர்களுடையவை. பல பத்தாண்டுகளாக நின்ற சுவர் அது. 2010-இல் சாதி ஒழிப்பு அமைப்புகள் அதை இடிக்கக் கோரிப் போராடியபோதுதான் நாடு முழுவதும் செய்தியானது. உயிரோடு இருக்கும்போது ஒதுக்குபவர்கள் தொழில், பெண் கொடுக்கல் வாங்கல், கௌரவம் என்று ஏதாவது காரணம் சொல்வார்கள். மண்ணுக்குள் போன பிறகு என்ன காரணம்?

லூக்கா 16-இல் வரும் செல்வந்தன், லாசர் கதை இந்தச் சுவருக்காகவே எழுதப்பட்டது போல் இருக்கிறது. செல்வந்தனின் வாசலில் புண்களோடு லாசர் கிடந்தார். இருவரும் இறந்தார்கள். இருவருக்கும் நடுவில் யாரும் கடக்க முடியாத ஒரு பெரும் பிளவு. அந்தப் பிளவைக் கடவுள் திடீரென்று தோண்டவில்லை. உயிரோடு இருந்தபோது செல்வந்தன் தன் வாசலில் தானே தோண்டியதுதான் அது. செத்த பின்னும் அவனுக்குப் பழக்கம் போகவில்லை. லாசரை அனுப்பித் தன் நாவை நனைக்கச் சொல்கிறான். தன் சகோதரர்களிடம் தூது அனுப்பச் சொல்கிறான். வேதனையில் கிடக்கும்போதும் லாசரை வேலைக்காரனாகத்தான் பார்க்கிறான். சாதி மனதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன கதை எனக்குத் தெரியாது.

இன்னொரு பகுதி. சிலுவையில் தொங்கியவன் சபிக்கப்பட்டவன் என்று கருதிய சமூகத்தில், அரிமத்தியா ஊர் யோசேப்பு அந்த உடலைக் கேட்டு வாங்கினார். தனக்கென்று வெட்டி வைத்திருந்த புதுக் கல்லறையில் வைத்தார். பணமும் மதிப்பும் உள்ள ஒருவர், தீண்டத்தகாத உடல் ஒன்றுக்குத் தன் குடும்ப இடத்தைக் கொடுத்தார். உயிர்ப்பு என்ற நம்பிக்கையே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கல்லறையில் சுவர் எழுப்புகிறவர்கள் எந்தக் கல்லறையை நம்பி உயிர்ப்புப் பெருவிழா கொண்டாடுகிறார்கள்?

அரசும் ஒரு சுவர் எழுப்பியது

சைமன் கமிஷனிடம் தென்னிந்தியத் தலித் கிறித்தவர்கள் ஒரு மனு கொடுத்தார்கள். மதம் மாறியும் தங்கள் தீண்டாமை மாறவில்லை என்று அதில் சொன்னார்கள். அம்பேத்கர் தன் எழுத்தில் அந்த மனுவை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆனால் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் கொடுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத் தலித்துகளும் முஸ்லிம் தலித்துகளும் வெளியே நிற்கிறார்கள். 1985-இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை மாற்ற மறுத்தது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

திருச்சபையே சொன்ன கணக்கு ஒன்று உண்டு. இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அதில் இருக்கிறது. அரசு இவர்களிடம் நீ கிறித்தவன், உனக்குச் சாதி இல்லை என்கிறது. கோயிலோ உன் இடம் அந்தப் பக்கம் என்கிறது. இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் வழக்காட வேண்டிய நிலையில் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

இனி எப்படி வாசிப்பது?

1807-இல் லண்டனில் கரீபியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு விவிலியம் அச்சிட்டார்கள். எகிப்திலிருந்து அடிமைகள் விடுதலையாகும் பகுதி அதிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. நம் ஊரில் யாரும் பக்கங்களைக் கிழிக்கவில்லை. முழுப் புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டு, உட்காரும் இடத்தை மட்டும் குறித்துக் கொடுத்தார்கள். 1970-களில் நிக்கராகுவாவின் சொலெந்தினாமே தீவுகளில் எர்னஸ்தோ கார்தெனால் என்ற குருவும் கவிஞரும் வேறொன்றைச் செய்தார். பிரசங்கம் வைப்பதற்குப் பதில், மீனவர்களையும் விவசாயிகளையும் நற்செய்தியைப் பற்றிப் பேச விட்டு, அவர்கள் சொன்னதைப் புத்தகமாக்கினார்.

நம்மிடமும் அதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. அன்பியம். பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒரு குழுவாகக் கூடி, யாராவது ஒருவர் வீட்டில் விவிலியம் வாசித்துப் பேசுவது. நல்ல ஏற்பாடு. ஆனால் சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்பியம் தெருவை அடிப்படையாகக் கொண்டது, நம் ஊர்களில் தெரு சாதியை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே பல கிராமங்களில் ஊருக்கு ஓர் அன்பியம், சேரிக்கு ஓர் அன்பியம் என்று தானாகவே அமைந்துவிடுகிறது. யாரும் தீண்டாமை கடைப்பிடிக்கத் தேவையே இல்லை, வரைபடம் அதைச் செய்துவிடுகிறது. நூற்றுவர் தலைவரின் கதையை ஊர்த்தெருவிலும் வாசிக்கிறார்கள், சேரியிலும் வாசிக்கிறார்கள். ஆனால் ஊர்த்தெருக்காரர் சேரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பதில்லை. அடுத்த கூட்டம் நம் தெருவுக்கு வரட்டும் என்று கேட்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். 1704-இல் ரோமாபுரி ஆணை போட்டுக் கேட்டதும் இதைத்தான்.

திருச்சி மாவட்டத்தில், கும்பகோணம் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட கோட்டப்பாளையம் பங்கில் இப்போது ஒரு வழக்கு நடக்கிறது. கோயில் மகதலா மரியாளின் பெயரால் ஆனது. திருவிழாவிலும் பங்கு நிர்வாகத்திலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று அங்குள்ள தலித் கத்தோலிக்கர்கள் முறையிட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பியது. மகதலா மரியாள் யார்? உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு சொன்னவர். லூக்கா 24-இன்படி அவரும் கூட இருந்த பெண்களும் சொன்னதை ஆண் சீடர்கள் பிதற்றல் என்று தள்ளிவிட்டார்கள். ஒதுக்கப்பட்டவர் வாயிலிருந்து வரும் சாட்சியத்தை நம்ப மறுப்பது திருச்சபையின் முதல் நாளிலேயே நடந்தது. சீடர்கள் கடைசியில் அந்தப் பெண்கள் சொன்ன கல்லறைக்கு ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

தோழர்களே, திருச்சபையில் இருங்கள் என்றோ வெளியேறுங்கள் என்றோ சொல்ல இதை எழுதவில்லை. அயோத்திதாசர் போன பௌத்த வழியும் நமக்கு முன்னால் இருக்கிறது. அந்த முடிவை அவரவர் எடுக்க வேண்டும். ஆனால் உள்ளே இருக்கிறவர்கள் விவிலியத்தைச் சுவர் கட்டியவர்கள் கையில் விட்டுவிட வேண்டாம். அடுத்த முறை ஒரு நற்செய்திப் பகுதியை வாசிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கதையில் யார் யாருடைய வீட்டுக்குள் போகிறார்கள்? யார் பாத்திரத்தில் யார் குடிக்கிறார்கள்? யார் எந்தத் தடையைத் தாண்டுகிறார்கள்? இறந்தவரை எங்கே வைக்கிறார்கள்? பிறகு அதே நான்கு கேள்விகளை உங்கள் பங்கைப் பற்றிக் கேளுங்கள். வரும் பதிலைக் குறித்துக்கொண்டு, 1745-இல் போனதுபோல ஒன்றாகத் திரண்டு பங்குத்தந்தையிடம் போங்கள்.